இலைக்குப் பக்கத்தில் வைத்த மாத்திரை

பொது மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. தரை துடைப்பவர் முதல் கண்காணிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் மாத்திரை அக்காதான்.

அவள் வேலை இவ்வளவுதான்: சீட்டைப் பார்ப்பாள், மருந்தை எடுப்பாள், உறையில் போட்டு, ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதுவாள். எழுதியதை வாயாலும் ஒரு தடவை சொல்லி வெளியே நீட்டுவாள். எழுதினதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால், “படிக்கத் தெரிஞ்சவங்களும் படிக்க மாட்டாங்க” என்பாள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு அறுவை சிகிச்சை வார்டில் யாருக்கும் புண் ஆறவில்லை. ஆறு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இருபது நாளாகப் படுத்திருந்தார்கள். பதினான்காம் கட்டிலில் இருந்தவர் அக்காவின் தங்கை வீட்டுக்காரர். தகரம் வெட்டும் பட்டறையில் வேலை. தகடு நழுவிக் காலில் இறங்கி அன்றோடு பதினோரு நாள். சீழ்ப் புண்ணுக்கான வெள்ளை மாத்திரை அக்காவின் கையால்தான் தினமும் வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புண்ணோ நாளுக்கு நாள் பெரிதானது.

சாப்பாட்டுத் தூக்கோடு கவுண்டர் முன்னால் வந்து நின்ற தங்கை கேட்டாள்:

“ஏங்க்கா, நல்ல மருந்தாப் பாத்துத்தான எடுத்துக் குடுக்கிற?”

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டாள். ஆனாலும் அக்காவுக்குச் சுருக்கென்றது. தங்கை போனதும் ஒரு மாத்திரையை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டாள். அரை மணியில் கரைந்திருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி அடியில் கிடந்தது. கரண்டியால் கலக்கினாள்; டம்ளரில் மோதி ‘டிங்’ என்றது. கவுண்டர் அடைக்கும் நேரத்துக்கு வெளியே எடுத்துத் துடைத்தாள். குளிப்பாட்டி எடுத்தது மாதிரி முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் சொல்லித் தங்கை வீட்டுக்காரருக்கு வேறு மருந்து வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குள் கறுத்துப்போயிருந்த இரண்டு கால்விரல்களை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. மனுஷன் பிழைத்தார். ஆனால் வார்டில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அந்த முப்பது பேருக்கும் மருந்துக் கவுண்டரில் மைத்துனி கிடையாது.

அக்கா அந்த மாத்திரையைக் கொடுப்பதை நிறுத்தினாள். மறுநாளே கண்காணிப்பாளரிடமிருந்து குறிப்பாணை வந்தது: கையிருப்பில் உள்ள, தரச் சான்று பெற்ற மருந்தை வழங்க மறுப்பது கடமை தவறுதல், ஐயம் இருப்பின் மருந்துத் தர ஆய்வு நிலையத்தை அணுகலாம்.

அணுகினாள்.

நிலையம் நான்கு மாடிக் கட்டடம். நுழைந்ததுமே வராந்தாவில் அட்டைப் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பல ஊர் மருத்துவமனைகள் சோதித்துச் சொல்லும்படி அனுப்பிய மருந்து மாதிரிகள். பதினோரு மாதமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் படாமல் வைக்கவும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தும் வெளுத்துவிட்டது.

முறையீட்டு அதிகாரி மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார். மாத்திரை அட்டையை வாங்கித் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பிடித்தார்.

“இது சான்று வாங்கின தொகுதிங்க.”

“கரைய மாட்டேங்குது சார்.”

“இருக்கலாம். ஆனா சான்று வாங்கின மருந்து மேல புகார் எழுத இந்தப் படிவத்துல இடம் கிடையாது. சான்று இல்லாத மருந்து மேலதான் புகார் வாங்குவோம்.”

“அப்போ இதுக்குச் சான்று இல்லைன்னு வச்சுக்குங்க.”

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சான்று இல்லாத மருந்து உங்க கவுண்டருக்கு எப்படி வந்துச்சு? அதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கணுமேம்மா.”

அவளுக்காக அவரே வருத்தப்பட்டு ஒரு வழி சொன்னார்.

“புகாராக் குடுக்காதீங்க. ஆலோசனையாக் குடுங்க. ஆலோசனை சொல்ல எந்த மருந்தா இருந்தாலும் தடையில்லை.”

‘இந்த மாத்திரை கரைந்தால் நன்றாக இருக்கும் என்று பணிவுடன் ஆலோசனை கூறுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாள். முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்.

“எப்போ சார் பாப்பீங்க?”

“போன வருஷத்து ஆலோசனை எல்லாம் கைபடாம அப்படியே புதுசா இருக்குங்க. இப்ப நாங்க எல்லாரும் இலையில இருக்கோம் பாருங்க.”

இலை விவரத்தையும் அவரே பெருமையாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இயக்குநர் கட்டடத்தின் பின்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது சாக்கடையோரம் ஒரு செடியைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு அசிங்கத்திலும் அது செழித்து நின்றதால் கிருமியைக் கொல்லும் சக்தி அதற்குள் ஏதோ இருக்க வேண்டும் என்று அவருக்குப் பொறி தட்டியது. அதே சாக்கடையில் கொசுவும் செழிப்பாகத்தான் இருந்தது. அதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. செடியைச் சுற்றி இப்போது இரும்பு வேலி, இரண்டு காவலாளி, கொட்டகை. அதன் இலைச்சாறு மருந்து மாதிரிகளின் குளிர் அறையில் பத்திரமாக இருக்கிறது. மாதிரிகள் வராந்தாவுக்கு வந்தது அப்படித்தான்.

“ஆங்கில மருந்தையே தோற்கடிச்சிருச்சும்மா நம்ம இலை. வேணும்னா மேல போய்ப் பாருங்க. பொதுமக்கள் பாக்கலாம்.”

மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் நடுவயதுத் தொழில்நுட்பர் ஒருவர் கண்ணாடித் தட்டுகளை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வட்டங்களை அளப்பதுதான் அவர் பிழைப்பு. அதனால் நிலையத்தில் அவர் பெயரே ‘வட்டம்’ என்றாகிவிட்டது. அக்கா மருந்துக் கவுண்டர் ஆள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து விளக்கினார்.

“தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி வளர விடுவோம். நடுவுல மருந்தை வைப்போம். மருந்து வேலை செஞ்சா அதைச் சுத்திக் கிருமி செத்து, வட்டமா வெளுத்துத் தெரியும். வட்டம் பெருசா இருந்தா நல்ல மருந்து. அவ்வளவுதான் இந்த மாடியில நடக்கிற விஞ்ஞானம்.”

முதல் தட்டில் இலைச்சாறு. அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம், மூன்று மில்லிமீட்டர். பக்கத்துத் தட்டில் மாத்திரை. அங்கே வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. மாத்திரைப் பொடியின் மேலேயே கிருமி பாய் விரித்துப் படுத்திருந்தது.

“இது எந்த மாத்திரைங்க?” என்று கேட்டாள் அக்கா.

வட்டம் அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் பையில் இருந்த அதே தொகுதி எண்.

“சுத்தமான மருந்து வச்சுப் பாக்கலையா நீங்க?”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பாத்தேன்க்கா. இருபத்தாறு மில்லிமீட்டர் வட்டம். இலைக்கு மூணு. கொண்டுபோய் இயக்குநர்கிட்ட காட்டினேன். சோதனையில தப்பு நடந்திருக்கு, திரும்பச் செய்னு சொன்னார். செஞ்சேன். திரும்பவும் இருபத்தாறு. இப்படி நாலு தடவை தப்பு செஞ்சேன். அஞ்சாவது தடவை சுத்தமான மருந்து தீந்துபோச்சு. அரசுக் கிடங்குல இருந்து இந்த மாத்திரையை வாங்கிட்டு வந்து இடிச்சு வச்சேன். அன்னைக்குத்தான் எனக்குச் சோதனை பண்ணவே தெரிஞ்சுதுன்னு எல்லார் முன்னாலயும் பாராட்டினாங்க.”

“அப்போ இதுக்குள்ள மருந்தே இல்லை.”

“எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சுண்ணாம்புப் பொடி. ஆனா சான்று குடுத்ததும் இதே கட்டடம்தானே. கீழ் மாடியில நல்லதுன்னு எழுதியாச்சு. மேல் மாடியில உதவாதுன்னு கண்டுபிடிச்சு விருதுக்கு அனுப்பியாச்சு. நடுவுல நான் எந்த மாடியில நிக்கிறதுன்னு சொல்லுங்க.”

அக்கா வீட்டுக்கு வந்து, கண்டதை எல்லாம் நாலு பக்கத்தில் எழுதி இயக்குநர் பெயருக்கே அனுப்பினாள். வட்டத்தின் பேரை மட்டும் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ‘டம்ளர் நிகழ்வு’ குறித்து ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது, நேரில் ஆஜராகவும்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் அக்கா.

“டம்ளர் கண்ணாடியா, எவர்சில்வரா?”

“கண்ணாடிங்க.”

“அந்தத் தண்ணிக்குத் தரச் சான்று இருக்கா?”

“குழாய்த் தண்ணிங்க. நாங்க குடிக்கிறதுதான்.”

ஐந்து பேரும் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். தலைவர் குறித்துக்கொண்டார்.

“மாத்திரை கரையாம இருந்ததை முழு நேரமும் கூடவே இருந்து பாத்தீங்களா?”

“நடுவுல சாப்பிடப் போனேன்.”

“அப்போ, நீங்க இல்லாத நேரத்துல அது கரைஞ்சு, நீங்க வர்றதுக்குள்ள மறுபடியும் சேந்திருக்க வாய்ப்பு இருக்கா?”

அக்காவுக்குச் சிரிப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. “அப்படி எதுவும் நான் கேள்விப்பட்டதில்லைங்க” என்றாள்.

“கேள்விப்பட்டதில்லைங்கிறது மறுப்பு ஆகாது” என்றார் தலைவர். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

“ஐயா, வார்டுல முப்பது பேருக்குப் புண் ஆறலை. அதுக்கு என்ன சொல்றீங்க?”

இதற்குக் குழுவில் மூத்தவர் பதில் சொன்னார். குரலில் தகப்பனின் கனிவு இருந்தது. “உலகம் பூரா இதுதாம்மா பிரச்சினை. கிருமிங்க மருந்தை எதிர்க்கப் பழகிருச்சு. மாத்திரை அதன் கடமையைச் செய்யுது. கிருமிதான் ஒத்துழைக்க மாட்டேங்குது.”

இல்லாத மருந்தைக் கிருமி எதிர்க்கப் பழகியது எப்படி என்று கேட்க அக்கா வாயெடுத்தாள். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. குழுவின் அறிக்கை பிறகு வந்தது: மாத்திரையில் குறையில்லை, டம்ளர் அங்கீகரிக்கப்பட்ட வகை அல்ல, மருத்துவமனைகளுக்குத் தரமான டம்ளர் பரிந்துரைக்க ஒரு துணைக்குழு அமைக்கலாம். இதற்கிடையில் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் இருந்த ஓட்டுநருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். குறிப்பாணைக்குப் பணிந்து அக்கா மறுபடியும் அவருக்குக் கொடுத்த உறைகளில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று இருந்தது அவள் கையெழுத்துதான்.

அடுத்த வாரம் இலை வெளியீட்டு விழா. அக்காவுக்கும் அழைப்பு வந்தது, முன்வரிசையில் இடம். எதற்கென்று இயக்குநர் பேச எழுந்த பிறகுதான் புரிந்தது.

“நம் கண்டுபிடிப்பை ஆய்வுக்கூடம் மட்டும் சொல்லவில்லை” என்று அவர் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அது அக்காவின் நாலு பக்கக் கடிதம். “இந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று இருபத்திரண்டு வருஷ அனுபவமுள்ள மருந்தாளுநர் ஒருவர் கைப்பட எழுதியிருக்கிறார். முப்பது நோயாளிகளின் புண் ஆறவில்லை என்கிறார். இதைவிட நம் இலைக்கு வேறென்ன சான்று வேண்டும்? அந்த முப்பது பேருக்கும் நிலையத்தின் சார்பில் நன்றி.”

கைதட்டினார்கள். அக்கா எழுந்து நின்றாள்.

“சார், அப்போ மாத்திரை வேலை செய்யலைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. அதைத் திரும்ப வாங்கிக்க உத்தரவு போடுங்க.”

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். “அம்மா, இதை ஆராய்ச்சிக் கண்ணோட பாக்கணும். இலைக்குப் பக்கத்துல வைக்கும்போதுதான் அது வேலை செய்யாத மாத்திரை. தனியா வச்சா அது தரமான மாத்திரைதான். உங்க ஆஸ்பத்திரியில பக்கத்துல இலை இருக்கா?”

“இல்லைங்க.”

“பிறகென்ன?”

மறுபடியும் கைதட்டினார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே தண்ணீர்க் குழாயருகில் வட்டம் நின்றுகொண்டிருந்தார். விருதுக்குப் போன ஆய்வை முழுக்கச் செய்தவர் என்பதால் அவருக்கு உள்ளே இடம் இருக்கவில்லை.

“இதோட விட்டுடுங்கக்கா. இயக்குநருக்கே பயம். அடுத்த கட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் ரெண்டாயிரம் தட்டு போடணும். அதுக்குள்ள வேற தொகுதி மாத்திரை வந்து, தட்டுல வட்டம் விழுந்துருச்சுன்னா இலை கதை முடிஞ்சுதுன்னு தவிக்கிறார். கிடங்குல இந்தத் தொகுதி சீக்கிரம் தீந்துருமோன்னு தினமும் என்னைக் கேக்கிறார்.”

அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “என்ன கேக்கிறார்?”

“தீந்துருமான்னு.”

இருவரும் அங்கேயே, குழாயடித் திட்டில் காகிதத்தை வைத்து, ஒரே பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். அக்கா சொல்லச் சொல்ல, நிலையத்து நடை தெரிந்த வட்டம் எழுதினார். புகார் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஆலோசனையும் இல்லை. ‘மதிப்பிற்குரிய இலை ஆராய்ச்சியின் வெற்றி இந்தக் குறிப்பிட்ட தொகுதி மாத்திரைகளையே சார்ந்திருப்பதால், இத்தகைய அரிய பொருளை நோயாளிகள் தினந்தோறும் விழுங்கித் தீர்ப்பது அடியேனுக்கு வேதனை அளிக்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் மீதமுள்ளவற்றை உடனே திரட்டி ஆராய்ச்சிக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.’

மறுநாள் காலை அவளே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இயக்குநர் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“உங்களைத் தப்பா நினைச்சிருந்தேன்மா. எதிரின்னு நினைச்சேன். நோயாளிங்க இதைச் சாப்பிட்டுத் தீத்துட்டு இருக்காங்கங்கிறது இந்தக் கட்டடத்துல ஒருத்தனுக்காவது தோணுச்சா?”

“தினமும் என் கையாலதானே சார் போகுது. மனசு கேக்கலை.”

“வேற தொகுதி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் பரவாயில்லையா?”

“நாங்க சமாளிச்சுக்கிறோம் சார். ஆராய்ச்சி பெருசில்லையா.”

ஒரு மாதிரியைப் பிரித்துப் பார்க்கப் பதினோரு மாதம் போதாத அந்த நிலையம், இந்த உத்தரவை அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அச்சடித்தது. ‘மிக அவசரம்’ என்று போட்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பினார்கள். நான்கு நாளில் வண்டி வண்டியாக மாத்திரை வந்து இறங்கியது. காவலாளிகள் நிற்க, ஒவ்வொரு அட்டையாக எண்ணிக் குளிர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். எந்த மருந்துக்கும் அந்தக் கட்டடத்தில் அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. மருத்துவமனைகளுக்கு வேறு தொகுதி வந்தது. வட்டம் அதில் ஒன்றைத் தன் பொறுப்பில் இடித்துத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, “இருபத்தஞ்சு அக்கா” என்று போன் செய்தார். இரண்டு வாரத்தில் வார்டில் கட்டில்கள் காலியாகத் தொடங்கின.

அக்கா செய்தது வட்டத்தைத் தவிர எவருக்கும் தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் உத்தரவு பத்திரிகையில் வந்துவிட்டது: அரிய மாத்திரைகள் ஆராய்ச்சிக்காக மக்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டன, காவலாளிகள் பாதுகாப்பில் குளிர் அறையில் வைக்கப்பட்டன. அன்றிலிருந்து கவுண்டரில் தினமும் சண்டை. ஏழைக்கு நல்லது கிடைத்தால் பொறுக்காதா என்று கேட்டார்கள். பெரிய இடத்துக்காரர்களுக்கு ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

கைக்காயத்துக்குப் பெரிய கட்டுப் போட்டு வந்த தச்சர் ஒருவர் கம்பிக்கு வெளியே அசையாமல் நின்றார்.

“எனக்கு அந்தப் பழைய மாத்திரைதான் வேணும்.”

“அதுல மருந்தே இல்லைங்க” என்றாள் அக்கா. முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் உள்ளதைச் சொன்னாள்.

தச்சர் சிரித்தார். “மருந்து இல்லாததையா தாயி பூட்டு போட்டு, காவல் போட்டு வச்சிருக்காங்க? யாருகிட்ட கதை விடுறீங்க?”

அக்கா புது மாத்திரையை உறையில் போட்டு, ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று எழுதி, வாயாலும் சொல்லி நீட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

எட்டாம் நாள் அதே தச்சர் வந்தார். கட்டு இல்லை. காயம் காய்ந்து, உளி பிடிக்கிற அளவுக்குக் கை தேறியிருந்தது. விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார்.

“நல்லாக் கேட்டுருச்சு தாயி, குறை சொல்லக் கூடாது” என்றார். பிறகு யாரும் கேட்காதபடி கம்பிக்குப் பக்கத்தில் குனிந்து, பெருமூச்சு விட்டார்.

“சாதாரண மாத்திரையே இப்படிக் கேக்குதே. நீங்க ஒளிச்சு வச்ச அந்த மாத்திரை கிடைச்சிருந்தா ரெண்டே நாள்ல உளியைப் பிடிச்சிருப்பேன்.”